கோர்ன்ஃபிளவரா, ஒடியல் மாவா, அரிசி மாவா? தடிப்பாக்கும் மாக்கள் பற்றிய ஓர் ஒப்பீடு

யாழ்ப்பாணத்துச் சமையலில் கூழையும் பாயசத்தையும் கறிக் குழம்பையும் தடிப்பாக்கும் வேலையைப் பனங்கிழங்கிலிருந்து எடுக்கும் ஒடியல் மா, அரிசி மா, சவ்வரிசி, தேங்காய்ப்பால் ஆகியவையே நெடுங்காலமாகச் செய்து வந்துள்ளன. இன்று எந்தப் பலசரக்குக் கடையிலும் கிடைக்கின்ற கோர்ன்ஃபிளவர், இவை எல்லாவற்றுக்கும் ஒரே மாற்று என்பதுபோல் சமையலறைக்குள் வந்திருக்கிறது. அது சில வேலைகளில் மற்றவற்றை எளிதாக வெல்கிறது. சிலவற்றில் அதனைச் சேர்ப்பதே பண்டத்தைக் கெடுத்துவிடுகிறது.

கோர்ன்ஃபிளவர் என்பது சோளன் மணியை அரைத்த மா அன்று. மணியை ஊறவைத்து, அதன் முளையையும் தோலையும் நாரையும் புரதத்தையும் பிரித்த பின் எஞ்சும் வெறும் மாப்பொருளே (ஸ்டார்ச்) அது. ஆகவேதான் அது தூய வெள்ளையாக, விரலிடையில் நெரிக்கும்போது கிறீச்சிடும் தன்மையுடன் இருக்கிறது. மஞ்சள் நிறச் சோள மாவை அதற்குப் பதிலாகப் போட்டால் குழம்பு கரகரப்பாகுமே தவிர வழுவழுப்பாகாது. 1840களில் அமெரிக்காவில் தோமஸ் கிங்ஸ்ஃபோர்ட் என்பவர் சோளத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தபோது, முதலில் துணிக்குக் கஞ்சி போடுவதற்கே அது பயன்பட்டது. சோற்றுக் கஞ்சியில் வேட்டி தோய்த்த நமக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

வெறும் மாப்பொருளாக இருப்பதே அதன் பலம். ஒரு கோப்பைத் திரவத்தை நடுத்தரத் தடிப்புக்குக் கொண்டுவர ஒரு மேசைக்கரண்டி போதும். கோதுமை மாவென்றால் ஏறத்தாழ இரு மடங்கு வேண்டும், பச்சை மா வாசம் போக நெடுநேரம் கொதிக்கவும் வேண்டும். கோர்ன்ஃபிளவரின் நுண்ணிய மாப்பொருள் மணிகள் 62 பாகை செல்சியசை அண்டிய வெப்பத்தில் நீரை உறிஞ்சி வீங்கத் தொடங்கினாலும், முழுத் தடிப்பு கொதிநிலையை நெருங்கும்போதே வருகிறது. அதனால் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, ஒரு நிமிடமேனும் கொதிக்கவிட வேண்டும். மாவை நேரே சுடுகுழம்பில் தூவினால், கட்டியின் வெளிப்புறம் உடனே வெந்து உறை போல மூடிக்கொள்ள, உள்ளே உலர்ந்த மா அப்படியே கிடந்துவிடும். தடித்த பின்னர் வேகமாகக் கிளறுவதும், புளி அல்லது வினாகிரி சேர்த்து நெடுநேரம் கொதிக்க வைப்பதும் வீங்கிய மணிகளை உடைத்துக் குழம்பை மறுபடி தண்ணீராக்கும். இறால் டெவலுக்குப் புளிப்பைக் கடைசியில் சேர்ப்பது இதனால்தான் நல்லது.

இனி ஒடியல் மாவுக்கு வருவோம்; உண்மையான போட்டி இங்குதான் இருக்கிறது. பச்சைப் பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். கூழுக்கு உரியது ஒடியலை இடித்தெடுத்த மா. அதிலும் மாப்பொருள் உண்டு, ஆனால் நாரும் கசப்பும் பனைக்கே உரிய வாசமும் கூடவே இருக்கின்றன. அந்தக் கசப்பைக் குறைப்பதற்காகவே மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை வடித்துவிட்டு, அடியில் தங்கியதைக் கரைத்துக் கூழில் விடுகிறோம். மீனும் நண்டும் இறாலும் பயிற்றங்காயும் மரவள்ளிக்கிழங்கும் பலாக்கொட்டையும் வெந்து, அரைத்த செத்தல் மிளகாயும் புளியும் சேர்ந்த அந்தப் பானையில் ஒடியல் மா செய்வது தடிப்பாக்கும் வேலை மட்டுமன்று. கூழின் சுவையே அதிலிருந்துதான் எழுகிறது. ஒடியல் மா கிடைக்காத இடங்களில் கோர்ன்ஃபிளவரைக் கரைத்து விடுவோர் இருக்கிறார்கள். வருவது பளபளப்பான கடலுணவுச் சூப். அதைக் கூழ் என்று அழைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. மா கிடைக்காதவர்கள் வறுத்த அரிசி மாவைச் சேர்ப்பது இதைவிட மேல், ஏனெனில் கூழுக்கு வேண்டிய சற்றே சொரசொரப்பான உடம்பாவது அதில் இருக்கும்.

பொரிப்பதில் நிலைமை வேறு. கணவாயையும் இறாலையும் கோர்ன்ஃபிளவரில் புரட்டிப் பொரித்தால் மெல்லிய, நொறுங்கும் மேலுறை கிடைக்கிறது. பசைத்தன்மை தரும் புரதம் அதில் இல்லாததால் கோதுமை மாவைப் போல அது சவ்வாவதில்லை. அரிசி மா தரும் மொறுமொறுப்பு கடினமானது, பல்லுக்கு நன்றாகப் படுவது, ஆறிய பிறகும் ஓரளவு நிற்பது. சட்டியிலிருந்து நேரே தட்டுக்குப் போகும் கணவாய்க்குக் கோர்ன்ஃபிளவரையும், விருந்தினர் வரும்வரை காத்திருக்க வேண்டியவற்றுக்கு இரண்டையும் சம அளவில் கலந்தும் எடுப்பதே என் தெரிவு.

மரவள்ளி மாப்பொருளை நாம் சவ்வரிசி வடிவில் ஏற்கெனவே நன்கு அறிவோம். அது தரும் தடிப்பு கண்ணாடி போலத் தெளிவானது, இழுபடுவது. உறையவைத்து உருக்கினாலும் கோர்ன்ஃபிளவர் குழம்பைப் போல எளிதில் நீர் பிரிவதில்லை. எனவே குளிரூட்டியில் உறையவைக்கப்போகும் பண்டத்துக்கு இதுவே ஏற்றது. ஆரோரூட் எனப்படும் கூவைக்கிழங்கு மாவும் தெளிவான தடிப்பைத் தரும், ஆனால் பசுப்பாலில் சேர்த்தால் வழவழவென்று கோழைபோல் ஆகிவிடும்.

பால் பண்டங்களில் கோர்ன்ஃபிளவருக்கு நிகரில்லை என்றே சொல்லலாம். கடையில் வாங்கும் கஸ்டட் பவுடரே பெரும்பாலும் நிறமும் மணமும் சேர்த்த கோர்ன்ஃபிளவர்தான். முட்டை மஞ்சட்கரு சேர்த்துச் செய்யும்போது மட்டும், திரைந்துவிடுமோ என்ற அச்சத்தில் அரைகுறையாக இறக்கிவிடக் கூடாது. மஞ்சட்கருவில் மாப்பொருளைச் சிதைக்கும் நொதியம் இருப்பதால், நன்றாகக் கொதிக்காத கஸ்டட் ஆறியதும் தண்ணீராகிவிடலாம். மாப்பொருள் சேர்ந்திருப்பதால் முட்டை எளிதில் திரையாது என்பதையும் நினைவில் வைக்கலாம். எச்சில் பட்ட கரண்டியைத் திரும்பப் பாத்திரத்துக்குள் விடுவதும் அதே கேட்டைச் செய்யும், ஏனெனில் உமிழ்நீரிலும் அதே வகை நொதியம் உண்டு.

சொதிக்கு வரும்போது நான் சற்றுக் கடுமையாகவே இருப்பேன். தேங்காய்ப்பால் திரையாமல் இருக்க மாக் கரைசல் உதவும் என்பது உண்மை. பெருமளவில் சமைக்குமிடங்களில் அதற்காகவும், பாலை மிச்சப்படுத்தவும் அதைச் சேர்ப்பதுண்டு. ஆனால் இடியப்பத்துக்குள் இறங்கி ஊறவேண்டிய சொதி, மா சேர்ந்தால் மேலேயே தங்கிவிடுகிறது. இரண்டாம் பாலில் வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் அவித்து, முதற்பாலை விட்டு, கொதி எழும்பும் முன்பே இறக்கி, சூடு தணிந்த பின் தேசிக்காய்ப்புளி விட்டால் திரைவதற்கு இடமில்லை, மாவுக்கும் வேலையில்லை.