கெட்ட நாளில் எந்த ஊர் தாங்கும்? கடல் வேகப்படகுப் பந்தயத்துக்கு ஊர் தேடும் கணக்கு

கடல் வேகப்படகுப் பந்தயம் தொடங்கிய காலத்தில் ஊர் தேடும் வேலையே பெரிதாக இல்லை. கிளம்ப ஒரு ஊர், போய்ச் சேர ஒரு ஊர், நடுவில் முழுக்கக் கடல். 1956இல் மயாமியிலிருந்து பஹாமாஸின் நசாவுக்கு ஓட்டினார்கள். 1961இல் இங்கிலாந்தில் கவ்ஸிலிருந்து டார்க்கிக்கு ஓட்டினார்கள். 1960ஆம் ஆண்டு மயாமி - நசாவ் பந்தயத்தில் கடல் கொந்தளித்தபோது, ரே ஹன்ட் வடிவமைத்த ஆழமான 'வி' அடிப்பாகம் கொண்ட 'மோப்பி' என்ற படகில் டிக் பெர்ட்ராமின் அணி ஜெயித்தது. அந்த ஒரு ஓட்டம் உலகம் முழுவதும் படகுக் கட்டுமானத்தையே மாற்றியது. ஆனால் கரையில் நின்றவர்கள் பார்த்ததெல்லாம் படகுகள் கிளம்பிப் போனதைத்தான்.

இப்போதைய அமெரிக்க சீசன் அப்படி இல்லை. கரையை ஒட்டிச் சில மைல் நீளத்துக்கு மிதவைகளைப் போட்டு, அவற்றைச் சுற்றிச் சுற்றி ஓட்டுகிறார்கள். அதனால் ஓர் ஊர் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தர வேண்டியிருக்கிறது: ஓடத் தண்ணீர், படகைத் தூக்கி இறக்க கிரேன், நீளமான டிரெய்லர்கள் நிற்க மைதானம், ஜனம் நிற்கக் கரை, அடிபட்டவரைக் கொண்டுபோக ஆஸ்பத்திரி.

ஊர்களை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் கடற்கரை அழகையும் ஹோட்டல் அறைகளின் எண்ணிக்கையையும் வைத்து மார்க் போடுகிறார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. நல்ல வானிலையில் எந்த ஊரும் நல்ல ஊர்தான். காற்று திரும்பிய நாளில், புயல் வந்த மாதத்தில், ஒரு படகு கவிழ்ந்த நிமிடத்தில் அந்த ஊர் என்ன செய்யும் என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அந்தக் கண்ணோடு சில ஊர்களை ஜோடி ஜோடியாக வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் மிச்சிகன் ஏரி. ஏரியில் கடல் பந்தயமா என்று தோன்றலாம். 307 மைல் நீளமுள்ள அந்த ஏரியின் கரையில் நின்றால் மறுகரை தெரியாது. அதன் தெற்கு முனையில் இந்தியானா மாநிலத்தின் மிச்சிகன் சிட்டி. மேற்குக் கரையில் விஸ்கான்சின் மாநிலத்தின் ஷெபாய்கன். இரண்டுமே ஆகஸ்ட் மாதப் பந்தயத்துக்குப் பழகிய ஊர்கள். தண்ணீர் ஒன்றே என்றாலும் பந்தயம் ஒன்றல்ல.

வாடைக்காற்று அடித்தால் அது ஏரியின் நீளம் முழுக்க ஓடி, அலையைச் சேர்த்துக்கொண்டே வந்து மிச்சிகன் சிட்டியின் கரையில்தான் கொட்டும். தெற்கிலிருந்து அடித்தாலோ அதே ஊரின் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். ஷெபாய்கனில் மேற்கிலிருந்து வரும் காற்று நிலத்தைத் தாண்டி வருவதால் கரையோரம் அலை எழ இடமே இருக்காது. காற்று கிழக்குக்கோ வடகிழக்குக்கோ மாறினால்தான் அங்கே தலைவலி. அப்படி மாறும் நாட்களில் அலைச்சறுக்குக்காரர்கள் பலகையோடு இறங்கிவிடுகிறார்கள். அந்த அளவுக்கு அலைக்குப் பெயர்போன ஊர் அது.

ஏரி அலைக்கும் கடல் அலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். இந்தப் படகுகளில் இரண்டு பேர். ஒருவர் ஸ்டியரிங் பிடிப்பார். இன்னொருவர் த்ராட்டில்மேன், வேகத்தைக் கூட்டிக் குறைப்பது அவர் கை. படகு அலை முகட்டிலிருந்து காற்றில் எழும்பும் கணத்தில் அவர் த்ராட்டிலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் பிடிமானம் இல்லாத ப்ரொப்பெல்லர் தாறுமாறாகச் சுழன்று இன்ஜினைச் சாகடித்துவிடும். தண்ணீரில் இறங்கும் கணத்தில் மறுபடி கொடுக்க வேண்டும். ஏரியில் காற்றலையின் இடைவெளி நான்கு வினாடி என்று வைத்துக்கொண்டால், முகட்டுக்கும் முகட்டுக்கும் நடுவே சுமார் 25 மீட்டர். மணிக்கு 100 மைல் வேகத்தில் போகும் படகு ஒரு வினாடிக்குக் கிட்டத்தட்ட இரண்டு முகடுகளைத் தாண்டும். ஒன்பது வினாடி இடைவெளியில் உருண்டு வரும் கடல் அலையில் முகடுகளுக்கு நடுவே 125 மீட்டர் இருக்கும். அங்கே த்ராட்டில்மேனின் கைக்கு இரண்டரை வினாடிக்கு மேல் கிடைக்கும். அலை உயரம் ஒன்றாகவே இருந்தாலும் ஏரி அலைதான் முதுகெலும்பை உடைக்கும்.

ஏரிக்கு நன்மைகளும் உண்டு. உப்பு இல்லை. கடலில் ஓடிவிட்டு வந்த படகைக் கரையேற்றியதும் இன்ஜினுக்குள் நல்ல தண்ணீர் விட்டு அலசாமல் மெக்கானிக் சாப்பிடப் போகமாட்டார். ஏரியில் அந்த அவசரம் இல்லை. ஓதம் ஏறி இறங்கும் கணக்கும் கிடையாது. கிரேன் காலையில் எந்த உயரத்தில் படகை இறக்கியதோ, மாலையிலும் அதே உயரம்தான்.

என் முடிவு மிச்சிகன் சிட்டி. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சனி, ஞாயிறு இரண்டு நாளுக்கும் அனுமதி வாங்கிவைத்து, காற்றைப் பார்த்து எந்த நாளிலும் ஓட்டலாம் என்ற ஏற்பாடு வேண்டும். சிகாகோ மாதிரி ஒரு மாநகரம் அவ்வளவு பக்கத்தில் இருப்பது சின்ன விஷயமல்ல. அதிக ஜனம் வந்து பார்க்க வழியுள்ள கரை அது. ஒரே நாள்தான் கிடைக்கும் என்றால், யோசிக்காமல் ஷெபாய்கனுக்குப் போய்விடுவேன். வாடைக்காற்றில் ஒரு முழு வாரஇறுதியை இழப்பதைவிட, கொஞ்சம் குறைந்த கூட்டத்தோடு பந்தயம் நடப்பது மேல்.

அடுத்து ஃப்ளோரிடாவின் இரண்டு பக்கம். கிழக்கே அட்லாண்டிக் கரையில் கோக்கோ பீச், மேற்கே மெக்சிகோ வளைகுடாக் கரையில் சரசோட்டா.

கோக்கோ பீச் அலைக்காகவே பெயர் வாங்கிய ஊர். அலைச்சறுக்கு வீரர் கெல்லி ஸ்லேட்டர் பிறந்து வளர்ந்த கரை. அங்கே மே மாதம் நடக்கும் பந்தயத்தில்தான் திறந்த கடல் என்றால் என்ன என்று படகுகளுக்குத் தெரியும். இந்த விளையாட்டில் இரண்டு சாதிப் படகுகள் உண்டு. ஒன்று ஒற்றை அடிப்பாகம் கொண்ட 'வி' படகு. மற்றது இரட்டை அடிப்பாகம் கொண்ட கேட்டமரான். (பெயர் நம்முடைய கட்டுமரம்தான், உருவம் மட்டும் வேறு.) கேட்டமரானின் இரண்டு அடிப்பாகங்களுக்கு நடுவே காற்று புகுந்து படகைத் தூக்கிப் பிடிக்கும். தட்டையான தண்ணீரில் அதை யாரும் தொட முடியாது. ஆனால் அலையில் முன்மூக்கு கொஞ்சம் கூடுதலாக நிமிர்ந்துவிட்டால், தூக்கிப் பிடித்த அதே காற்று படகைப் பின்பக்கமாகப் புரட்டிப் போட்டுவிடும். சீசன் முழுக்க அமைதியான தண்ணீரில் மட்டும் ஓட்டினால் அது வேகப் பரிசோதனையாகத்தான் இருக்கும். கடல் பந்தயம் என்ற பெயருக்கு நியாயம் செய்ய ஒரு கோக்கோ பீச்சாவது வேண்டும்.

கோக்கோ பீச்சின் கெட்ட நாள் அலையால் மட்டும் வருவதில்லை. வடக்கே சில மைலில் போர்ட் கனாவரல், உலகின் மிகப் பரபரப்பான பயணக் கப்பல் துறைமுகங்களில் ஒன்று. பெரிய கப்பல் கிளப்பும் அலை வேகப்படகுக்கு எமன். 1987 ஆகஸ்ட் 23 அன்று இங்கிலாந்தின் வைட் தீவருகே நடந்த பந்தயத்தில், முன்னாள் ஃபார்முலா 1 வீரர் டிடியே பிரோனியின் 'கொலிப்ரி' படகு ஓர் எண்ணெய்க் கப்பலின் பின்னலையில் மோதிக் கவிழ்ந்தது. பிரோனியோடு படகில் இருந்த இருவரும் சேர்த்து மூன்று பேரும் இறந்தார்கள். அதனால் கோக்கோ பீச்சுக்கு நாள் குறிக்கும்போது வானிலைக்கு முன்னால் கப்பல்கள் புறப்படும் நேரத்தை விரித்துவைத்துப் பார்க்க வேண்டும். ராக்கெட் ஏவும் நாட்களில் கேப் கனாவரலைச் சுற்றிய கடல்பகுதி மூடப்படும் என்பதும் அந்தக் கணக்கில் சேரும். அப்புறம், மே மாதம் கடலாமைகள் அந்தக் கரையில் முட்டையிடும் காலம். இரவில் கரையில் பளிச்சென்று விளக்குப் போட்டு விழா நடத்தக் கூடாது. இதைச் சங்கடமாக நினைக்கிறவர்களை எனக்குப் புரியவில்லை. ஆமைகளுக்குப் பிறகுதான் நாம் அங்கே விருந்தாளிகளாகப் போகிறோம்.

சரசோட்டாவுக்கு வருவோம். வளைகுடாவின் அடித்தரை மெல்ல மெல்லச் சரிவதால் அலை வலுவிழந்துதான் வரும். லீடோ பீச் மணலில் குடை விரித்து உட்கார்ந்து பந்தயம் பார்க்கலாம். நகரத்துக்குள்ளேயே தரமான விபத்துச் சிகிச்சை மையம் இருக்கிறது. அதையெல்லாம்விட, அந்த ஊர் பந்தயத்தைத் தன்னுடையதாக எடுத்துக்கொண்ட விதம் எனக்குப் பிடிக்கும். 1980களின் நடுவில் தொடங்கியபோதே அது சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகளுக்கு நிதி திரட்டும் திருவிழாவாகத்தான் தொடங்கியது. ஜூலை 4 சுதந்திர தினத்தை ஒட்டிப் பல ஆண்டுகள் நடந்தது. சத்தத்துக்கும் போக்குவரத்து நெரிசலுக்கும் புகார் வரும்போது, 'இது நம்ம பிள்ளைகளுக்காக' என்று சொல்ல உள்ளூரிலேயே ஆள் இருப்பது, எந்த விளம்பரதாரராலும் வாங்கித் தர முடியாத பலம்.

சிக்கல் நாட்காட்டியில் இருக்கிறது. ஜூலையில் வைத்தால் பிற்பகல் இடிமழை. காலையில் தெளிவாக இருக்கும் வானம் மதியத்துக்கு மேல் கறுத்துவிடும் என்பதால், பெரிய வகுப்பு (பந்தயப் பிரிவு) படகுகளை மதியத்துக்கு முன்பே ஓட்டி முடித்தாக வேண்டும். செப்டம்பருக்கு மாற்றினால் அட்லாண்டிக் புயல் காலத்தின் உச்சத்தில் போய் உட்காருகிறோம். 2024இல் செப்டம்பர் 26 அன்று ஹெலீன் புயல் கரை கடந்தது தூரத்தில்தான், ஆனாலும் கடல்நீர் சரசோட்டா கரைக்குள் புகுந்தது. அக்டோபர் 9 அன்று மில்டன் சரசோட்டாவை ஒட்டிய சியஸ்டா கீயிலேயே கரை கடந்தது. தெற்கே அக்டோபர் பந்தயத்துக்குப் பெயர்பெற்ற ஃபோர்ட் மையர்ஸ் பீச்சை, 2022 செப்டம்பர் 28 அன்று இயன் புயல் துடைத்துப் போட்டதையும் மறக்க முடியாது. அங்கே இழப்பு பந்தயத்துக்கு அல்ல, வீடுகளுக்கும் உயிர்களுக்கும். அந்த ஊர் அழைத்தால் போவதுதான் மரியாதை. ஆனால் அதை இந்தத் தராசில் வைக்க எனக்கு மனமில்லை.

எனவே கோக்கோ பீச்சா சரசோட்டாவா என்றால், நான் இரண்டையும் வைத்துக்கொள்வேன். கோக்கோ பீச்சுக்கு மே. சரசோட்டாவுக்கு ஜூலை, காலை நேரம். ஒன்றை விட்டே ஆக வேண்டும் என்றால் சரசோட்டாவை விடுவேன், வருத்தத்தோடு. திறந்த கடல் இல்லாத சீசனில் 'வி' படகுக்காரர்களுக்கு வேலையே இல்லாமல் போய்விடும்.

இங்கே அனுமதி பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கக் கடலோரக் காவல்படைக்கு, புதிதாக ஓர் இடத்தில் பந்தயம் என்றால் 135 நாட்களுக்கு முன்பே விண்ணப்பம் போக வேண்டும். மே மாதப் பந்தயத்துக்கு டிசம்பரிலேயே மிதவைகளின் இடம் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும் என்று அர்த்தம். ஒவ்வோர் ஆண்டும் ஊரை மாற்றும் ஆசைக்கு இதுவே நல்ல கடிவாளம்.

கடைசியில் ஃப்ளோரிடாவின் தெற்கே உள்ள தீவு ஊரான கீ வெஸ்ட். நவம்பரில் உலக சாம்பியன்ஷிப் அங்கேதான் என்பது நாற்பது ஆண்டுப் பழக்கம். வாரத்தில் மூன்று நாள் ஓட்டம், டுவால் தெருவில் படகு ஊர்வலம். அட்லாண்டிக்கும் வளைகுடாவும் சந்திக்கும் இடத்தில், ஊரின் விளிம்பிலேயே ஆழமான துறைமுகம். மற்ற ஊர்களில் மணற்பரப்பும் ஆழமில்லாத கரைத்தண்ணீரும் படகைத் தள்ளியே வைக்கின்றன. இங்கே துறைமுகச் சுவரில் நிற்பவரின் கண்ணெதிரே, படகு வெளிக்கடலிலிருந்து உள்ளே பாய்ந்து வந்து, முழு வேகத்தில் போய்த் திரும்புகிறது. ஃபோர்ட் சக்காரி டெய்லர் பூங்காவில் நின்றால் சத்தம் மார்புக்குள் அதிரும். படகுக்குத் தேவையான தண்ணீரும் ஜனத்துக்குத் தேவையான நெருக்கமும் இப்படி ஒரே இடத்தில் அமைந்த வேறு ஊர் எனக்குத் தெரியவில்லை. எதிரணியில் நிறுத்த ஓர் ஊரைத் தேடித்தான் பார்த்தேன். கிடைக்கவில்லை.

அந்த நெருக்கம்தான் அதன் கெட்ட நாளும். 2011 சாம்பியன்ஷிப் வாரத்தில் படகுகள் கவிழ்ந்து மூன்று வீரர்கள் இறந்தார்கள். தண்ணீருக்கு மேலே சுவர்களுக்கு நடுவே வேகம் உச்சத்தில் இருக்கும்போது, தவறுக்கு இடமே இருப்பதில்லை. நவம்பரில் வடக்கிலிருந்து குளிர்க்காற்று இறங்கினால், துறைமுகத்துக்குள் தட்டையாக இருக்கும் தண்ணீர் வெளியே போனதும் சட்டென்று முரடாகிவிடும். ஒரே சுற்றில் இரண்டு விதமான தண்ணீருக்கும் படகைச் சரிசெய்து வைத்திருக்க வேண்டும். ஊருக்கு வர ஒரே ஒரு சாலை, பாலம் பாலமாகக் கடல் மேல் போகும் ஓவர்சீஸ் ஹைவே. டிரெய்லர் ஒன்று நடுவழியில் நின்றால் பின்னால் வரும் எல்லா அணிகளும் நிற்கும். பலத்த காயம் என்றால் மயாமிக்கு ஹெலிகாப்டரில்தான் கொண்டுபோக வேண்டும்.

ஆகவே கீ வெஸ்டுக்கு நான் கேட்பது கூடுதல் ஹோட்டல் அறைகளை அல்ல. முக்குளிப்போர் ஏறிய மீட்பு ஹெலிகாப்டர்கள் போக, நோயாளியை ஏற்றிக்கொண்டு மயாமிக்குப் பறக்க மட்டும் தனியாக ஒன்று துறைமுகத்தில் தயாராக நிற்க வேண்டும். அது வேறு வேலைக்குப் பறந்துவிட்டால், திரும்பி வந்து இறங்கும்வரை அடுத்த வகுப்புக்குப் பச்சைக்கொடி காட்டக் கூடாது. ஜனம் ஒரு மணி நேரம் வெயிலில் காத்திருக்கட்டும்.