ஒரு டின் மேப்பிள் சிரப், ஒரு வால்நட் லேயர் கேக்: 540 மில்லி கியூபெக் டின் எப்படி?

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மேப்பிள் சிரப் பெரும்பாலும் 540 மில்லி தகர டின்னில்தான் விற்கிறது. கேக் செய்ய வாங்குபவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான அளவு கிடையாது. 8 அங்குலத்தில் மூன்று அடுக்கு வால்நட் கேக் என்றால் மாவுக்கு 180 மில்லி, பட்டர்கிரீமுக்கு 240, அடுக்குகளில் பூச 60. ஆக 480 போக, டின்னின் அடியில் 60 மில்லி மிஞ்சும். சுற்றுலாக் கடைகளில் அடுக்கியிருக்கும் இலை வடிவக் கண்ணாடிப் புட்டி பரிசு கொடுக்க நன்றாக இருக்கும். கேக்குக்கு அது காணாது, காசும் அதிகம்.

டின்னைக் கூடையில் போடுமுன் நிறத்தின் பெயரைப் படியுங்கள். மேப்பிள் மணம் கேக்கில் நிற்குமா, ஓவனோடு போய்விடுமா என்பதில் பாதி அங்கேயே முடிவாகிவிடும். கடையில் கிடைக்கும் நான்கு வகைக்கும் 'கிரேடு ஏ' என்றே போட்டிருக்கும், அதைப் பார்த்துப் பயனில்லை. அதன் கீழே கோல்டன், ஆம்பர், டார்க், வெரி டார்க் என்று எழுதியிருப்பதுதான் விஷயம். சிரப்பின் வழியே எவ்வளவு ஒளி ஊடுருவுகிறது என்று அளந்து பிரிக்கிறார்கள்: 75 விழுக்காடும் அதற்கு மேலும் கோல்டன், 50 முதல் 75 வரை ஆம்பர், 25 முதல் 50 வரை டார்க், அதற்கும் கீழே வெரி டார்க். பருவத்தின் தொடக்கத்தில் மேப்பிள் மரத்திலிருந்து இறக்கிய மரநீர் வெளிறிய சிரப்பைத் தரும். வெயில் ஏற ஏற மரநீரில் நுண்ணுயிர்கள் பெருகி, சர்க்கரையின் ஒரு பகுதியைக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைத்துவிடும்; அந்த நீரைக் காய்ச்சும்போது நிறமும் மணமும் கனக்கும். பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வேறுபாடு, மேப்பிள் மரநீரில் இனிப்பு 2 விழுக்காடு அளவுதான். ஏறக்குறைய 40 லிட்டரைச் சுண்டக் காய்ச்சினால் 1 லிட்டர் சிரப். விலை ஏன் அப்படி என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

கேக்குக்கு டார்க் வாங்குங்கள், கிடைத்தால் வெரி டார்க். கோல்டன் தோசை, பேன்கேக் மேல் ஊற்ற அருமை. வெண்ணெய், முட்டை, வறுத்த வால்நட் நடுவே அதன் மென்மையான மணம் இருக்கும் இடமே தெரியாது. பழைய அமெரிக்கச் சமையல் குறிப்பில் 'கிரேடு பி' என்று கண்டால் குழம்ப வேண்டாம். 2015-ல் அமெரிக்க வேளாண் துறை அந்தப் பெயரை எடுத்துவிட்டது. அந்தக் கருமையான சிரப்பைத்தான் இன்று டார்க், வெரி டார்க் என்ற பெயர்களில் தேட வேண்டும்.

பக்கத்துத் தட்டிலேயே பாதி விலைக்கு நிற்கும் 'பேன்கேக் சிரப்'பைத் தொடாதீர்கள். அது சோளச் சிரப்பும் நிறமும் எசன்ஸும். செயற்கை மேப்பிள் மணத்துக்கு வெந்தயச் சாறும் சேர்ப்பதுண்டு. நம் மூக்குக்கு அது உடனே பிடிபட்டுவிடும். மணத்தை விடுங்கள், பட்டர்கிரீமுக்குக் காய்ச்சும்போது அது பதத்துக்கு வராது, சவ்வு மிட்டாய் போல இழுக்கும். பொருள் பட்டியலில் மேப்பிள் சிரப் என்ற ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும்.

இனி மாவு. மைதா 300 கிராம், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், பேக்கிங் சோடா கால் டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். உப்பில்லாத வெண்ணெய் 200 கிராம், இளம் பழுப்புச் சர்க்கரை 150 கிராம், முட்டை 4, கெட்டி மோர் 120 மில்லி, சிரப் 180 மில்லி. சர்க்கரையை அடியோடு விட்டுவிட்டு முழுக்கச் சிரப்பே ஊற்றலாமே என்று தோன்றும். கூடாது. வெண்ணெயில் காற்றை அடைப்பது சர்க்கரைப் படிகங்களின் கூர்மை; சிரப்புக்கு அந்த வேலை தெரியாது, கேக் களிபோல இறுகும். சிரப்பில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் என்பதையும் மறக்காதீர்கள். 180 மில்லியின் எடை 240 கிராம், அதில் 80 கிராம் தண்ணீர். அதனால்தான் மோர் 120-ல் நிற்கிறது.

வெண்ணெயையும் சர்க்கரையையும் நிறம் வெளிறும்வரை 4 நிமிடம் அடித்து, முட்டையை ஒவ்வொன்றாகச் சேருங்கள். சிரப்பை மோரில் கலந்து, மாவோடு மாற்றி மாற்றி மூன்று தடவையாக விடுங்கள். சிரப் ஃபிரிட்ஜிலிருந்து நேரே வந்தால் வெண்ணெய் உறைந்து மாவு திரிந்துபோகும்; எல்லாமே அறை வெப்பத்தில் இருக்க வேண்டும். ஓவன் 170 டிகிரி, 24 முதல் 28 நிமிடம். 180-ல் வைத்தால் உள்ளே வேகுமுன் ஓரம் கருகும், சிரப் சேர்ந்த மாவு அவ்வளவு சீக்கிரம் சிவக்கும். நடுவில் வெப்பமானி 97 டிகிரி காட்டினால் எடுத்துவிடலாம்.

வால்நட் 100 கிராம் மாவுக்குள், 80 கிராம் பக்கவாட்டில் ஒட்ட. 160 டிகிரியில் 8 நிமிடம் வறுத்து, சூட்டோடு துணியில் கொட்டித் தேய்த்தால் தோலில் பாதி உதிரும். அந்தத் தோலில்தான் கசப்பு. மாவில் ஊதா கலந்த சாம்பல் நிறம் ஏறுவதும் அதனால்தான். பட்டாணி அளவுக்கு நறுக்குங்கள். அரைவாசியாக விட்டால் கேக்கை வெட்டும்போது கத்தி பருப்பை இழுத்து, அடுக்கையே கிழித்துவிடும். வறுக்குமுன் ஒன்றை மென்று பாருங்கள். பழைய எண்ணெய் வாடை இருந்தால் எவ்வளவு வறுத்தாலும் போகாது.

இந்த டின்னின் அருமை தெரியும் இடம் பட்டர்கிரீம். ஓவனில் மணம் கொஞ்சம் பறந்துவிடும். இங்கே அது வெண்ணெயில் தங்கிவிடுகிறது. 240 மில்லி சிரப்பைக் குறைந்தது 2 லிட்டர் பிடிக்கும் பாத்திரத்தில் காய்ச்சுங்கள். சின்னப் பாத்திரம் என்றால் நுரை பால்போலப் பொங்கி அடுப்பில் வழியும், வழிந்த சிரப் அடுப்பில் கருகினால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். மிளகளவு வெண்ணெய் போட்டால் நுரை அப்படியே அமரும். 104 டிகிரியில் கொதி பிடித்தபின் கரண்டியால் கிண்டாதீர்கள், சர்க்கரை பூத்துவிடும். 115 டிகிரி வர வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டுப் பாருங்கள், அதிரசப் பாகு போல விரலுக்குள் மெத்தென்று உருள வேண்டும். கம்பிப் பதத்தில் இறக்கிவிட்டால் கிரீம் நிற்காது. 120-ஐத் தாண்டினால் பாகு கிண்ணத்தின் சுவரிலேயே நூலாக இறுகிவிடும்.

பாகு 110-ஐத் தொடும்போது 3 முட்டையின் வெள்ளைக்கருவை அடிக்கத் தொடங்குங்கள். மென்முனை (தூக்கினால் நுனி வளைந்து நிற்கும் பதம்) வந்ததும், ஓடும் மிஷினில் சவுக்குக்கும் (அடிக்கும் கம்பி) கிண்ணத்துக்கும் இடையே பாகை நூலாக விடுங்கள். சவுக்கின் மேல் பட்டால் சுற்றிலும் தெறிக்கும், கிரீமில் கடலை மிட்டாய்த் துணுக்குகள் போலக் கிடக்கும். பின் கிண்ணத்தின் அடி கைக்குக் குளிர்ந்து தெரியும்வரை அடித்துவிட்டு, மிருதுவான வெண்ணெய் 340 கிராமைச் சிறு சிறு துண்டாகச் சேருங்கள். நடுவழியில் எல்லாம் தயிர் திரிந்ததுபோல் ஆகும். நிறுத்தாமல் அடியுங்கள், சேர்ந்துவிடும். ரசம்போல் ஓடினால் சூடு ஆறுமுன் வெண்ணெய் போட்டிருக்கிறீர்கள். கிண்ணத்தோடு கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து மறுபடி அடித்தால் திரும்பி வரும். கடைசியில் கால் டீஸ்பூன் உப்பு. அதுவரை வெறும் இனிப்பாக இருந்தது அப்போதுதான் மேப்பிளாக மாறும்.

இளஞ்சூட்டில் இருக்கும் அடுக்கு ஒவ்வொன்றிலும் 20 மில்லி சிரப்பைப் பிரஷால் தடவுங்கள். அதற்கு மேல் போனால் கீழடுக்கு நொதநொதவென்றாகும். முழுக்க ஆறியபின் அடுக்கி, ஒரு மெல்லிய பூச்சு, அரை மணி நேரம் குளிர், பிறகு முழுப் பூச்சு, வால்நட். ஃபிரிட்ஜில் வைத்தால் பரிமாற 2 மணி நேரம் முன்பே வெளியே எடுங்கள். குளிர்ந்த பட்டர்கிரீம் வெறும் வெண்ணெய்க்கட்டி, மணமே வராது.

டின்னில் இரண்டு குறை உண்டு. உள்ளே இருக்கும் நிறத்தைப் பார்க்க முடியாது, எழுதியிருப்பதைத்தான் நம்ப வேண்டும். திறந்தால் மூட வழியில்லை. மிஞ்சிய 60 மில்லியைத் தகரத்திலேயே விடாமல் சுத்தமான கண்ணாடிப் புட்டிக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே வைத்தால் மேலே பூஞ்சணம் பூக்கும். ஃபிரீசரிலும் வைக்கலாம், கல்லாக உறையாது. திறக்காத டின் அலமாரியில் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும் என்பதால், டார்க் கிடைக்கும் நாளில் இரண்டாக எடுத்துக்கொள்வது நல்லது.