ஃபைபர் கேனோவுக்கு பெயின்ட் வாங்கும்போது ஏமாறாதீர்கள்: பிரித்துத் தரும் ஹார்டனர், ‘தேய்க்கவே வேண்டாம்’ என்ற பேச்சு

ஃபைபர் கேனோவுக்கு (துடுப்பு போட்டு ஓட்டும் சிறு படகு) வீட்டிலேயே புது பெயின்ட் அடிக்க நினைப்பவர்கள், பொருள் வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என் காசும் உழைப்பும் போனது போல இன்னொருவருக்குப் போகக் கூடாது.

என் கேனோவில் ஓட்டை உடைசல் எதுவும் இல்லை. வெயிலில் கிடந்து ஜெல்கோட் (ஃபைபர்கிளாஸ் மேலிருக்கும் வழவழப்பான வெளிப்பூச்சு) வெளுத்துப்போய், தடவினால் கையில் மாவு மாதிரி ஒட்டும். அவ்வளவுதான். படகு பெயின்ட் விற்கும் ஒருவரிடம் போட்டோவைக் காட்டி, எந்த பிரைமர் வேண்டும், எந்த நம்பர் உப்புத்தாள் வேண்டும் என்று கேட்டேன். “அதெல்லாம் பழைய பெயின்டுக்குங்க. இது டூ பார்ட் பாலியூரித்தேன். கழுவித் துடைச்சுட்டு நேரா அடிங்க, கல்லு மாதிரி பிடிச்சுக்கும்” என்றார். பெயின்ட் டின்னில் கம்பெனி சீல் இருந்தது. அதோடு கலந்து இறுக வைக்கும் இரண்டாவது பார்ட்டான ஹார்டனரை மட்டும் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி எடுத்து வந்தார். அதில் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, பெரிய டின்னிலிருந்து பிரித்துக் கொடுப்பதுதான் வழக்கம் என்றார்.

அவர் சொன்ன அளவில் கலந்து, அவர் சொன்னபடியே அடித்தேன். மறுநாளும் பிசுபிசுப்பு போகவில்லை. வாரக்கணக்கில் ஆகியும் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. மாஸ்கிங் டேப்பை ஒட்டி இழுத்தேன். பெயின்ட் தோல் உரிவது போல நீளமாக வந்துவிட்டது. உரிந்த துண்டின் உள்பக்கம் முழுக்க அந்தப் பழைய வெள்ளை மாவு. அதாவது பெயின்ட் படகைப் பிடிக்கவே இல்லை, மேலிருந்த மாவைத்தான் பிடித்திருக்கிறது.

போன் செய்தால் முதலில் “காற்றில் ஈரம் ஜாஸ்தி, காய்ஞ்சிடும்” என்றார். அடுத்த முறை, “தேய்க்காம அடிச்சா இப்படித்தாங்க ஆகும்” என்று பேச்சையே மாற்றினார்! தேய்க்க வேண்டாம் என்று சொன்னவரே அவர்தான்.

அப்புறம் பெயின்ட் கம்பெனியின் தளத்தில் அந்தப் பெயின்டின் டெக்னிக்கல் டேட்டா ஷீட் கிடைத்தது. பழைய ஜெல்கோட்டைத் தேய்க்க வேண்டும், எபாக்சி பிரைமர் அடிக்க வேண்டும், இந்த எண்ணுள்ள ஹார்டனரைத்தான் கலக்க வேண்டும் என்று எல்லாம் தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். அந்த ஹார்டனரும் கம்பெனியிலிருந்து தனி சீல் போட்டுத்தான் வருகிறது. எனக்குக் கொடுத்தது என்ன என்று இன்றுவரை அவர் சொல்லவில்லை. பணமும் திரும்பி வரவில்லை.

ஹார்டனர் விஷயத்தை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. டூ பார்ட் பாலியூரித்தேன் வெறுமனே காற்றில் உலர்கிற பெயின்ட் இல்லை. ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் பெயின்டோடு வினைபுரிந்தால்தான் அது இறுகும். வேறு ஹார்டனரைக் கலந்தாலோ அளவு தப்பினாலோ, மாதக்கணக்கில் காத்திருந்தாலும் சரியாகாது. தவிர, ஐசோசயனேட் காற்றின் ஈரத்தோடும் வினைபுரியும். திறந்து திறந்து மூடிய டின்னிலிருந்து பிரித்துத் தரும் ஹார்டனர் உங்கள் கைக்கு வரும் முன்பே பாதி கெட்டிருக்கலாம். சீல் உடைத்ததை வாங்கவே வாங்காதீர்கள். டேட்டா ஷீட்டைக் கேளுங்கள். விற்பவர் சொல்வது அதோடு ஒத்துப்போகவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

உடம்புக்கும் இது ஆபத்து. ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது, ஸ்பிரே செய்தால் ஆபத்து பல மடங்கு. சாதாரண மாஸ்க் அதற்குப் போதாது. அதைப் பற்றி அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, என் கோபத்தில் பாதி அதற்குத்தான். வீட்டில் அடிக்க, ஹார்டனர் கலக்கத் தேவையில்லாத சிங்கிள் பார்ட் பாலியூரித்தேன் டாப்சைட் பெயின்டே (தண்ணீர் மட்டத்துக்கு மேலுள்ள பாகத்துக்கானது) போதும் என்பது என் கருத்து. அது தண்ணீரிலேயே கட்டிக் கிடக்கும் படகின் அடிப்பாகத்துக்கு ஆகாது. கேனோவை ஓட்டி முடித்ததும் கரையேற்றிவிடுகிறோம், அதனால் பிரச்சினை இல்லை.

தயாரிப்பு வேலையில் முக்கியமானது வரிசை. முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவி, மெழுகு நீக்கும் சால்வென்டால் துடைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் உப்புத்தாள். மெழுகு இருக்கும்போதே தேய்த்தால் அது கீறல்களுக்குள் இறங்கிவிடும். துடைத்தபின் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் மெழுகு இன்னும் இருக்கிறது, ஒரே படலமாகப் பரவினால் சரி. தேய்க்கும்போது பறக்கும் தூசி நுரையீரலுக்குக் கெடுதல், நல்ல ரெஸ்பிரேட்டர் போடுங்கள்.

என்னைப் போல ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், இறுகாத பெயின்ட் மேல் இன்னொரு கோட் அடிக்காதீர்கள், அதுவும் சேர்ந்து உரியும். பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுரண்டி எடுப்பதுதான் வழி. பெயின்ட் ரிமூவர் தேவைப்பட்டால் ஃபைபர்கிளாஸுக்கு ஏற்றது என்று டப்பாவில் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். கடுமையான ரிமூவர் ஜெல்கோட்டையே இளக்கிவிடும். நான் இன்னும் சுரண்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.