முழு செட் என்றார்கள், 1,850 டாலர் போச்சு: ஏர்கூல்டு ரெப்ளிக்காவுக்கு கூலிங் டின் போடப்போகிறவர்கள் கவனத்துக்கு

போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டர் ரெப்ளிக்கா (ஃபோக்ஸ்வாகன் பீட்டில் அடித்தளத்தின் மேல் கட்டிய நகல் கார்) வைத்திருப்பவர்கள், வாங்கப்போகிறவர்கள், தண்ணீரில்லாமல் காற்றாலேயே குளிரும் (ஏர்கூல்டு) பீட்டில் எஞ்சினை ஃபைபர் பாடிக்குள் இறக்கிக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் இதைப் படித்துவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள். போனது 1,850 டாலர். ஃபேன் ஷ்ரவுடும் (ஃபேனை மூடி அதன் காற்றைச் சிலிண்டர்களுக்கு அனுப்பும் தகரக் கூடு) கூலிங் டின் (அந்தக் காற்றை எஞ்சினைச் சுற்றிப் போகவைக்கும் தகடுகள்) “முழு செட்”டும் 690, பொருத்துகூலி 1,160. மொத்தமும் முன்பணம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று கடைசியில் விளக்கமாகவே சொல்கிறேன்.

கடையின் பெயரைப் போடப்போவதில்லை. ரெப்ளிக்கா கார்களுக்கென்றே நடக்கும் பணிமனை. பாகங்களை இணையத்தில் விற்பார்கள், காரைக் கொண்டுபோய் விட்டால் பொருத்தியும் தருவார்கள். அந்த ரகம்.

நம்பிக்கை எப்படி வந்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அடுத்தவரையும் அதே பேச்சில்தான் பிடிப்பார்கள். போனில் பேசிய ஆள் கேட்காமலே மூன்றாவது சிலிண்டரைப் பற்றி ஆரம்பித்தார். பழைய பீட்டில் ஷ்ரவுடில் ஆயில் கூலர் உள்ளேயே நிற்கும், இடப்பக்கம் முன்னால் இருக்கும் 3-ஆம் சிலிண்டருக்குப் போகும் காற்று அதன் ஊடாகத்தான் போகும், அதனால் அந்தச் சிலிண்டருக்கு வருவது குறைவு, வருவதும் சூடு. 1971 மாடலில் கூலரை முன்பக்கம் தள்ளி தனிக் கூண்டு கட்டினார்கள், அதுதான் டாக்ஹவுஸ் என்று வரிசையாகச் சொன்னார். அத்தனையும் சரி. “ஷ்ரவுடுக்குள்ளே காற்றைத் திருப்பும் தடுப்புத் தகடுகள் உண்டா?” என்று கேட்டதற்கு, ஃபேன் துளை வழியாக எடுத்த படம் ஒன்று உடனே வந்தது. வளைந்த தகடுகள், ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள், எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. இவ்வளவு தெரிந்த ஆள் ஏமாற்ற மாட்டார் என்றுதான் யாருக்கும் தோன்றும். பணம் போனது அந்தப் படத்தைப் பார்த்துத்தான்.

வண்டி திரும்பி வந்தபோது பார்வைக்குக் குறை சொல்ல முடியாது. கறுப்புப் பவுடர் கோட்டிங், குரோம் ஸ்க்ரூ. ஓட்டினால் ஸ்பார்க் பிளக் அடியில் இருக்கும் சென்சார் 3-ஆம் சிலிண்டர் ஹெட்டில் (சிலிண்டரை மூடும் தலைப்பகுதி) 230 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. இந்த எஞ்சினில் தொடர்ந்து 205, 210-க்கு மேல் நிற்கவே கூடாது. ஆயில் 125. அது 85-லிருந்து 105-க்குள் இருந்தால் நிம்மதி, 120 என்றால் ஓரங்கட்டி நிறுத்த வேண்டியதுதான். சிக்னலில் நின்றால் ஆயில் விளக்கு மினுக்குகிறது.

அப்புறம் ஷ்ரவுடைத் தூக்கிப் பார்த்தால் வண்டவாளம் வெளியே வருகிறது.

உள்ளே தடுப்புத் தகடு ஒன்றுகூட இல்லை. வெறும் டப்பா. படத்தில் இருந்தது வேறு ஷ்ரவுட். இந்தத் தகடுகள் அழகுக்கு அல்ல. ஃபேன் ஒரே பக்கமாகச் சுழல்வதால் காற்று இரண்டு பக்கமும் சமமாகப் பிரியாது. அதைப் பிரித்து, ஹெட் பக்கத்துக்கு இவ்வளவு, சிலிண்டர் பக்கத்துக்கு இவ்வளவு என்று திருப்பிவிடுவது இவைதான். ஃபேனாவது சரியாக இருக்கிறதா என்றால், டாக்ஹவுஸ் ஷ்ரவுடுக்குள் பழைய குறுகிய ஃபேனை மாட்டியிருக்கிறார்கள். டாக்ஹவுஸுக்கு அகல ஃபேன் வேண்டும். குறுகியதைப் போட்டாலும் சுற்றும், சத்தமும் வரும், ஷ்ரவுட் கேட்கும் காற்று மட்டும் வராது. ஃபேனுக்கும் பின் தகட்டுக்கும் நடுவே சுமார் 2 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். ஹப்புக்கும் ஃபேனுக்கும் நடுவே ஷிம் (மெல்லிய வாஷர்) போட்டு அதைச் சரிசெய்வார்கள். இங்கே ஒரு ஓரம் உரசித் தகடு பளபளவென்று தேய்ந்திருந்தது. ஆல்டர்னேட்டர் பின் தகட்டில் உள்ள காற்றுத் துளை கீழே பார்க்க வேண்டும், அது பக்கவாட்டில் திரும்பியிருந்தது. இதெல்லாம் பொருத்துகூலி வாங்கிக்கொண்டு செய்த வேலை.

ஆயில் கூலர் கூண்டிலிருந்து வெளிவரும் சூடான காற்றை முன் டின்னில் உள்ள துளை வழியாகக் கீழே இறக்க ஒரு தனிக் குழாய்த் தகடு உண்டு. உள்ளங்கையளவு சமாச்சாரம். அதைப் போடவேயில்லை. அதனால் கூலர் கக்கும் வெப்பம் நேரே எஞ்சின் அறைக்குள் கொட்டுகிறது, ஃபேன் அதையே மறுபடி உறிஞ்சுகிறது. கூலரைச் சுற்றி வரும் ஃபோம் சீலும் இல்லை. டாக்ஹவுஸ் வாங்கிய பலனே போய்விட்டது.

மோசத்திலும் மோசம் சிலிண்டருக்கு அடியில். இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே கீழ்ப்பக்கம் ஒரு வளைந்த தகடு வரும், இரு பக்கத்துக்கும் சேர்த்து இரண்டு. மேலிருந்து வரும் காற்று சிலிண்டர்களுக்கு இடையிலான சந்தில் சட்டென்று கீழே விழுந்து போகாமல், ஃபின்களை (சிலிண்டரைச் சுற்றியுள்ள குளிர்விப்பு மடிப்புகள்) ஒட்டியே அடிப்பாகம் வரை சுற்றிப் போக வைப்பது அதுதான். அது இல்லாவிட்டால் சிலிண்டரின் மேல் பாதி குளிரும், கீழ்ப் பாதி வேகும், சிலிண்டர் வட்டம் கெடும். பில்லில் “கீழ் டிஃப்ளெக்டர் 2” என்று எழுதிக் காசு வாங்கியிருக்கிறார்கள். எஞ்சினில் இல்லை. ஏன் என்று புரிந்துகொள்வது கஷ்டமில்லை: இவற்றை முறையாகப் போட வேண்டுமானால் ஹெட்டும் புஷ்ராட் டியூபும் (வால்வைத் தள்ளும் கம்பி போகும் குழாய்) ஏறுவதற்கு முன்பே போட வேண்டும். எஞ்சினைப் பிரிக்காமல் மேலே பளபளப்பை மட்டும் மாட்டி 1,160 டாலர் கூலி வாங்குகிறவர் அடியில் கை வைப்பாரா?

இனி ஓட்டைகள். ஹீட்டர் பெட்டி இல்லாமல் நேர் எக்ஸாஸ்ட் குழாய் போட்ட வண்டியில், ஷ்ரவுடிலிருந்து ஹீட்டருக்குப் போகும் இரண்டு வாய்களையும் மூடி போட்டு அடைக்க வேண்டும். இரண்டும் ஆவென்று திறந்து கிடக்கின்றன. ஃபேன் தள்ளும் காற்றில் ஒரு நல்ல பங்கு சிலிண்டர் பக்கமே போகாமல் அதன் வழியாக ஓடுகிறது. ஸ்பார்க் பிளக் ஒயர் டின்னைத் துளைத்துப் போகும் இடத்தில் வரும் ரப்பர் மூடி நான்கில் ஒன்று மட்டும் இருக்கிறது. டூயல் போர்ட் ஹெட்டுக்கு (ஒவ்வொரு ஹெட்டிலும் இரண்டு இன்டேக் துளை) ஒரே துளை உள்ள சிங்கிள் போர்ட் சிலிண்டர் டின் கொடுத்திருக்கிறார்கள், அதனால் இன்டேக் குழாயைச் சுற்றி டின்னைக் கத்தரியால் வெட்டி, மிச்ச இடத்தை சிலிக்கான் பூசி மறைத்திருக்கிறார்கள்.

ரெப்ளிக்காவுக்கே உரிய சங்கதி ஒன்று உண்டு. பீட்டில் பாடியில் எஞ்சின் அறையைச் சுற்றி இரும்பு விளிம்பு இருக்கும், அதில் ரப்பர் பீடிங் மாட்டி, எஞ்சின் டின் அந்த ரப்பருக்குள் போய் உட்காரும். மேலே குளிர்ந்த அறை, கீழே எக்ஸாஸ்டும் சைலன்சரும் இருக்கும் சூடான பகுதி. இரண்டும் சேரவே கூடாது, ஏர்கூல்டு எஞ்சினின் உயிர்நாடியே இந்தப் பிரிவினைதான். ஸ்பீட்ஸ்டர் ரெப்ளிக்காவில் 2,400 மி.மீ. வீல்பேஸ் (முன், பின் அச்சுகளின் இடைவெளி) உள்ள பீட்டில் அடித்தளத்தை 300 மி.மீ. வெட்டிக் குறுக்கி, 356-இன் 2,100-க்குக் கொண்டுவந்து, மேலே ஃபைபர் பாடியைக் கவிழ்க்கிறார்கள். அந்த ஃபைபரில் விளிம்பு எங்கே வரும் என்பது அச்சு செய்தவர் புண்ணியம். பெரும்பாலும் டின்னுக்கும் ஃபைபருக்கும் நடுவே விரல் போகும் இடைவெளி நிற்கும். அலுமினியத் தகடு வெட்டி, ஃபைபரில் ரிவெட் அடித்து, விளிம்பு உண்டாக்கி, அதில் எஞ்சின் பீடிங் ரப்பரை மாட்டுவதுதான் வேலை. நேரம் பிடிக்கும், அட்டையில் மாதிரி வெட்டிப் பார்த்துப் பார்த்துத்தான் செய்ய வேண்டும், ஆனால் வித்தையொன்றும் இல்லை. இந்த ஆட்கள் கதவுக்கு ஒட்டும் பஞ்சு டேப்பைச் சுற்றி ஒட்டியிருக்கிறார்கள். சைலன்சர் சூட்டில் அது உருகித் தொங்குகிறது. அறைக்குள்ளே காற்று வெளிக்காற்றைவிட 30 டிகிரிக்கு மேல் சூடு. அந்தச் சூட்டைத்தான் எஞ்சினுக்கு ஊதிக்கொண்டிருக்கிறது ஃபேன்.

தெர்மோஸ்டாட்டையும், அது இயக்கி ஷ்ரவுடின் காற்றை அடைத்துத் திறக்கும் ஃபிளாப்பையும் கழற்றிப் போட்டுவிட்டு “சூடு குறையத்தான்” என்றார்கள். தெர்மோஸ்டாட் என்பது 65-லிருந்து 70 டிகிரிக்குள் விரியும் பித்தளைத் துருத்தி, வலப்பக்கச் சிலிண்டர்களுக்கு அடியில் இருக்கும். விரிந்ததும் ஃபிளாப் முழுதாகத் திறந்துவிடும்; துருத்தி செத்தாலும் ஸ்பிரிங் ஃபிளாப்பைத் திறந்தேதான் வைக்கும். பிறகு அதைக் கழற்றி என்ன சூடு குறையும்? எஞ்சின் சீக்கிரம் பதத்துக்கு வருவது மட்டும் போச்சு.

இனி அவர்கள் சொன்ன சமாதானங்கள். புது டின் பழக வேண்டும், கொஞ்சம் ஓடட்டும். டின்னுக்கு என்ன பழக்கம்? அது அசையாத தகடு. அடுத்து, உங்கள் மீட்டர் தப்பு. வேறு மீட்டரில் அளந்து படம் அனுப்பினால், கெட்டியான ஆயில் ஊற்றுங்கள். அதற்கடுத்து, ரெப்ளிக்கா என்றாலே சூடாகத்தான் ஓடும். அடியில் தகடு இல்லாத படத்தை அனுப்பியதும், அதைப் போட்ட மெக்கானிக் விடுப்பில் இருக்கிறார். பில்லைக் காட்டினால், பொருத்திய பாகத்தைத் திருப்பி எடுப்பதில்லை. கடைசியாக வந்த பதில்தான் உச்சம்: “தனி ஆயில் கூலர் ஃபேனோடு வாங்கிப் போடுங்கள் சார், நம்மிடமே இருக்கிறது, உங்களுக்கு விலை குறைத்துத் தருகிறோம்.” 1,850 டாலரை விழுங்கிவிட்டு இன்னொன்று விற்கிறார்கள்! அதற்குப் பிறகு அனுப்பியதையெல்லாம் படித்த அடையாளம் மட்டும் தெரிகிறது, பதில் இல்லை.

இழப்பு 1,850 டாலரோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 3-ஆம் சிலிண்டர் எக்ஸாஸ்ட் வால்வில், எஞ்சின் ஆறியிருக்கும்போது 0.15 மி.மீ. இருக்க வேண்டிய இடைவெளி சுத்தமாக இல்லை. சூட்டில் வால்வு நீண்டுவிட்டது, அல்லது சீட்டுக்குள் இறங்கிவிட்டது. இடைவெளி போனால் வால்வு சீட்டில் முழுதாக உட்காராது. உட்காராவிட்டால் தன் சூட்டை ஹெட்டுக்குக் கடத்த முடியாது. பிறகு எரிந்தே போகும். தலை முறிந்து உள்ளே விழுந்தால் பிஸ்டனும் சேர்ந்து போகும். எஞ்சின் கேஸ் மக்னீசியக் கலவை, அதிகச் சூட்டில் ஹெட்டை இறுக்கும் ஸ்டட் மரையையே பிடுங்கிக்கொண்டு வரும். ஹெட்டைக் கழற்றாமல் இனி தீராது. அந்தச் செலவு தனி.

விளக்கமாகச் சொல்கிறேன் என்றேன், கை நடுங்குகிறது, அவசரமாகச் சில மட்டும்.

ஷ்ரவுடுக்குள் படம் கேட்டால், அன்றைய தேதி எழுதிய தாளை உள்ளே வைத்து எடுக்கச் சொல்லுங்கள். கீழ் டிஃப்ளெக்டர் இரண்டையும் வண்டியைத் தூக்கி டார்ச் அடித்து உங்கள் கண்ணால் பாருங்கள். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது டிஷ்யூ தாளைக் கீற்றாகக் கிழித்து டின் ஓரம் நெடுகக் காட்டுங்கள், பறக்கும் இடமெல்லாம் ஓட்டை. எஞ்சின் மூடியைத் திறந்து வைத்து ஓட்டினால் சூடு மளமளவென்று குறைகிறதா, அப்படியானால் காற்று உள்ளே வரும் கிரில் போதவில்லை அல்லது கீழ்ச் சூடு மேலே வருகிறது. பெல்ட்டை நடுவில் அழுத்தினால் 10-லிருந்து 15 மி.மீ. இறங்கலாம், அதற்கு மேல் வேண்டாம். புல்லி ஷிம்மை எடுத்தால் இறுகும். ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) கூட்டிய எஞ்சின் என்றால் அகலம் கூடலாம், கூடினால் டின் ஷ்ரவுடோடு சேராது, அதை முன்பே கேளுங்கள்.

முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் முறையிட ஒரு கெடு உண்டு, உடனே போடுங்கள். “மெக்கானிக் அடுத்த வாரம் வந்துவிடுவார்” என்று அவர்கள் இழுப்பதே அந்தக் கெடு முடியட்டும் என்றுதான்.