பாசிஸ் கிலோநோவா மாடல்கள்: பல வருஷம் யூஸ் பண்ணின அனுபவம்

ரெண்டு நியூட்ரான் ஸ்டார் மோதி ஒண்ணா சேர்றப்ப வர்ற வெளிச்சம் இருக்குல்ல, கிலோநோவா, அதுக்கு நான் ரொம்ப வருஷமா நம்பி எடுக்குறது மாட்டியா புல்லா எழுதின பாசிஸ்ங்கற கம்ப்யூட்டர் ப்ரோக்ராம்ல ஓட்டி பொதுவுல வச்சிருக்கற மாடல் தொகுப்ப. ஸ்பெக்ட்ரம் (எந்த நிறத்துல எவ்வளவு வெளிச்சம்ங்கற கணக்கு) எல்லாம் ரெடியா கிட்ஹப்ல கெடக்கு, எறக்கி பைத்தான்ல படிச்சா போதும், சாதா லேப்டாப்பே தாங்கும்.

முன்னாடி டேனியல் கேசன் டீமோட 2017 கிலோநோவா மாடல்கள வச்சு ஓட்டிட்டு இருந்தேன். அருமையான வேல அது, ஆனா அதுல எல்லாமே உருண்ட, எந்தப் பக்கம் நின்னு பாத்தாலும் ஒரே வெளிச்சம். நெஜத்துல மோதல்ல தெறிச்சு வெளிய போற பொருள்ல லாந்தனைடுங்கற கனமான தனிமங்கள் ரெண்டு ஸ்டாரும் சுத்துற தளத்த ஒட்டித்தான் ஜாஸ்தி, அது நீல ஒளிய முழுங்கிடும், துருவப் பக்கம் கம்மி, அதனால மேல இருந்து பாத்தா நீலமா பளிச்சுனு இருக்கும் பக்கவாட்டுல பாத்தா செவப்பா மங்கலா இருக்கும். 2019 பாசிஸ் தொகுப்புல ஒவ்வொரு மாடலுக்கும் 11 பார்வைக் கோணம் தனித்தனியா குடுத்திருக்காங்க. எனக்கு இதுக்காகவே இத விட மனசில்ல.

2017 ஆகஸ்ட் 17 நியூட்ரான் ஸ்டார் மோதல், 13 கோடி ஒளியாண்டு தள்ளி என்ஜிசி 4993 கேலக்ஸில நடந்ததே, அதோட லைட் கர்வ (நாளாக நாளாக வெளிச்சம் மாறுற வரைபடம்) இதுல பொருத்திப் பாருங்க. கோணத்த நகத்தினா தெறிச்ச நிறைக்கு வர்ற விடையும் கூடவே நகரும். யாராவது சூரியனோட நிறையில 5 சதவீதம் தெறிச்சதுன்னு சொன்னா, எந்தக் கோணத்துக்குன்னு தான் மொதல்ல கேப்பேன்.

வெளிச்சமே கண்ணுல படாதப்ப இன்னும் உதவுது. 2019 ஏப்ரல் 25 மோதல்ல தேட வேண்டிய வானமே 8000 சதுர டிகிரிக்கு மேல, வெளிச்சம் சிக்கல. அந்த மாதிரி நேரத்துல, தேடின எடத்துலயே இருந்திருந்தாலும் பக்கவாட்டுக் கோணம்னா கேமராவுக்கு எட்டியிருக்குமான்னு இத வச்சு கணக்குப் போடலாம்.

குறைன்னா, 2019 தொகுப்புல ஒபாசிட்டி (பொருள் எவ்வளவு ஒளிய மறைக்குதுங்கறது) எளிமையான ஃபார்முலா தான். 2023 அப்டேட்ல வெப்பநிலை அடர்த்திக்கு ஏத்தபடி மாறுற மாதிரி பண்ணிட்டாங்க, புதுசா ஆரம்பிக்கறவங்க நேரா அதுக்குப் போங்க. மான்டி கார்லோ, அதாவது ரேண்டமா எடுத்து கணக்குப் போடற முறைங்கறதால, மங்கலான பேண்ட்ல (நிற வரம்புல) நாய்ஸ் வரும், ஸ்மூத் பண்ணாம ஃபிட் பண்ணாதீங்க. ஒரு வாரம் தாண்டின ஸ்பெக்ட்ரத்துக்கு இது வேணாம். ஜிஆர்பி 230307ஏங்கற காமா கதிர் வெடிப்புல 29வது நாள் ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப் பாத்த டெலூரியம் தனிமத்தோட ஸ்பெக்ட்ரம் கோடு மாதிரி விஷயத்துக்கெல்லாம் வாயு ரொம்ப மெலிஞ்சு வெப்பச் சமநிலை ஒடஞ்சிருக்கும், அதுக்குன்னு எழுதின வேற ப்ரோக்ராம் தான் எடுக்கணும்.