கோடையில் யார் தண்ணீர் ஊற்றுவது? மத்தியதரைக் கடல் வானிலையில் வெளியே வளரும் ஆர்க்கிட்கள்

மழையெல்லாம் குளிர்காலத்தில், கோடை முழுக்க வறட்சி. மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் மட்டுமில்லை, கலிபோர்னியா கடற்கரை, சிலியின் நடுப்பகுதி, தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி, ஆஸ்திரேலியாவின் தெற்கு, தென்மேற்கு ஓரங்கள் எல்லாவற்றிலும் இதே வானிலைதான். கடையில் கிடைக்கும் ஆர்க்கிட்களில் பெரும்பாலானவை இதற்கு நேர்மாறான இடங்களில் பிறந்தவை. அங்கே வெயிலும் மழையும் சேர்ந்து வரும்போது செடி வளரும், குளிரும் வறட்சியும் சேர்ந்து வரும்போது ஓய்வெடுக்கும். அந்தச் செடியைக் கொண்டுவந்து மத்தியதரை வானிலைத் தோட்டத்தில் வைத்தால், வளர வேண்டிய மாதத்தில் தாகம், தூங்க வேண்டிய மாதத்தில் நனைந்த வேர்.

அதனால் "பராமரிப்பு குறைவு" என்று ஒரு செடியைப் பற்றி யாராவது சொன்னால் நான் கேட்பது இரண்டு கேள்விதான். கோடையில் அதற்கு யார் தண்ணீர் ஊற்றுவது? உறைபனி விழுந்தால் என்ன ஆகும்? கீழே வருகிற செடிகளை இந்த இரண்டையும் வைத்துத்தான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள் எல்லோரும் வைத்திருக்கும் ஃபலனாப்சிஸ் இந்தப் பந்தயத்திலேயே இல்லை, இரவு 15 டிகிரிக்குக் கீழே போனாலே அதற்கு ஆகாது.

முதல் மோதல் சிம்பிடியத்துக்கும் எபிடெண்ட்ரத்துக்கும். இந்த வானிலைக்கு எது என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் சிம்பிடியம் என்றுதான் சொல்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. கோடை முடிந்து இலையுதிர் காலம் வரும்போது பகல் வெளிச்சமாகவும் இரவு 10 முதல் 15 டிகிரி வரை குளிராகவும் இருந்தால்தான் அது பூந்தண்டு விடும். வீட்டுக்குள் வைத்து "இலை மட்டும் வருகிறது, பூவே இல்லை" என்று வருத்தப்படுகிறவர்களுக்கு இல்லாமல் போனது அந்தக் குளிர்ந்த இரவுதான். கடலோரத் தோட்டத்தில் அது தானாகவே கிடைக்கிறது. பூ வந்தால் இரண்டு மாதம்கூட அப்படியே நிற்கும். சில மணி நேரம் 0 டிகிரியைத் தொட்டாலும் இலைகள் தாங்கிவிடும், ஆனால் மொட்டு தாங்காது. பூக்கும் பருவமும் குளிர்காலமும் ஒன்றாக இருப்பதால் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் சிம்பிடியம் குறைந்த பராமரிப்புச் செடி என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோடையில் அது தண்ணீரும் உரமும் கேட்டுக்கொண்டே இருக்கும் செடி. மரப்பட்டைத் துண்டு நிரப்பிய தொட்டி நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாளில் காய்ந்துவிடும், ஒரு மாதம் ஊருக்குப் போய்த் திரும்பினால் அடுத்த வருடப் பூவை மறந்துவிட வேண்டியதுதான். சுண்ணாம்புப் பாறை உள்ள இடங்களில் குழாய்த் தண்ணீரின் உப்பு தொட்டியில் சேர்ந்து இலை நுனி கறுக்கும். அதற்குக் குளிர்கால மழையே பாதி மருந்து. தொட்டியை மழையில் நன்றாக நனையவிட்டால் உப்பு கழுவிப் போகும், அதனால் அதைக் கூரைக்கடியில் ஒதுக்கி வைக்காதீர்கள். அப்புறம் நத்தை. மழை ஆரம்பித்ததும் பூந்தண்டைத் தேடி வரும், ஒரே இரவில் மொட்டு முழுவதையும் தின்றுவிடும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை தொட்டி மாற்றும் வேலையும் உண்டு. பெரிய கொத்தை வெளியே எடுக்கும்போது அது எவ்வளவு கனம் என்று புரியும்.

எபிடெண்ட்ரத்தில் நான் சொல்வது நாணல்போல் நெட்டையாக வளரும் வகை. இபாகென்ஸே, ராடிகன்ஸ், இவற்றின் கலப்பினங்கள் எல்லாம் இதில் சேரும். தூரத்திலிருந்து பார்த்தால் உண்ணிச்செடி பூத்ததுபோல் ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள் உருண்டைகள். ஒரு பூ சின்னதுதான், சிம்பிடியத்தின் கம்பீரம் இதற்கு இல்லை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வருடத்தில் பெரும்பகுதி பூத்துக்கொண்டே இருக்கும். ஒரே தண்டு நுனியில் புது மொட்டு விட்டுக்கொண்டே போவதால் மாதக்கணக்கில் பூ ஓயாது. நேரடி வெயில் பிடிக்கும், தண்ணீர் தேங்காத மண்ணில் கொஞ்சம் சல்லியும் பட்டையும் கலந்து தரையிலேயே நடலாம். தெற்குக் கலிபோர்னியா கடற்கரையில் சாதாரண வேலிச்செடி மாதிரி இதை நட்டிருப்பார்கள். தண்டிலேயே குட்டிச்செடி முளைக்கும், வேர் வந்ததும் கிள்ளி நட்டால் போதும். கோடையில் வாரம் ஒன்றிரண்டு முறை தண்ணீர் கிடைத்தால் சமாளிக்கும், சில வாரம் மறந்தால் இலை சிவந்து சுருங்கும், செத்துப்போகாது. ஒரே பலவீனம் உறைபனி. 0 டிகிரிக்குக் கீழே போனால் தண்டு கறுத்து வாடும், நீடித்தால் செடியே போகும்.

ஆகவே உறைபனி விழாத கடலோரமாக இருந்தால் என் ஓட்டு தயங்காமல் எபிடெண்ட்ரத்துக்கு. சிம்பிடியம் வேண்டுமென்றால் சொட்டுநீர்க் குழாயும் நேரம் வைத்து ஓடும் கருவியும் சேர்த்து வாங்குங்கள், அப்போதுதான் அது நிம்மதி தரும் செடி.

கொஞ்சம் உள்ளே தள்ளி, இரவில் லேசாக உறையும் இடங்களுக்கு வேறு இரண்டு போட்டியாளர்கள். ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதிப் பாறைகளில் வளரும் டெண்ட்ரோபியம் கிங்கியானம், மெக்சிகோவின் லேலியா ஆன்செப்ஸ். இரண்டும் சில மணி நேர லேசான உறைபனியைத் தாங்கும், இரண்டுக்கும் குளிர்காலத்தில் தண்ணீர் குறைய வேண்டும். அதாவது வானம் செய்வதற்கு நேர் எதிர். இதற்கு எளிய வழி, மழை ஆரம்பித்ததும் கூரை இறவாரத்துக்குக் கீழே நகர்த்திவிடுவது. சிம்பிடியத்துக்குச் சொன்னதற்கு இது தலைகீழ் என்பதை மறக்க வேண்டாம். கிங்கியானத்தைக் குளிர்காலத்திலும் தண்ணீரும் தழைச்சத்து உரமும் கொடுத்துச் சீராட்டினால் பூ வர வேண்டிய இடத்தில் குட்டிச்செடிகளாக விடும். கையை எடுத்துவிட்டால் வசந்தத்தில் இளஞ்சிவப்பாய்ப் பூத்துத் தள்ளும், வெயில் ஏறும்போது மணக்கவும் செய்யும். கவனிக்காமல் விடுவதே அதற்குப் பராமரிப்பு.

லேலியாவின் பூ இதைவிட எத்தனையோ மடங்கு அழகு. நீண்ட தண்டின் நுனியில் இலையுதிர் காலத்துக்கும் குளிர்காலத்துக்கும் நடுவில், தோட்டமே வெறிச்சோடும்போது பூக்கும். ஆனால் மரத்தில் கட்டி வளர்க்கும் ஆசை பலருக்கு வரும், அங்கேதான் சிக்கல். வறண்ட கோடையில் மரத்தில் கட்டிய செடிக்கு ஒருநாள் விட்டு ஒருநாளாவது தண்ணீர் தெளிக்க வேண்டும். பெரிய பட்டைத் துண்டு போட்ட கூடையில் வைத்தால் அந்த வேலை பாதியாகும். அப்படியும் சோம்பலைத் தாங்குவதில் கிங்கியானம்தான் முன்னால். அதன் பெரிய உறவு டெண்ட்ரோபியம் ஸ்பெசியோசம் வறட்சியை நன்றாகத் தாங்கும், பூத்தால் ஒரு தண்டிலேயே நூற்றுக்கு மேல் பூ வரும், ஆனால் பூக்கவே பல வருடம் பொறுக்க வேண்டும், சில வருடம் பூக்காமலும் இருக்கும்.

நல்ல உறைபனி உள்ள இடமா? அங்கே ப்ளெட்டில்லா ஸ்ட்ரியேட்டா. சீனா, கொரியா, ஜப்பான் நாடுகளின் தரை ஆர்க்கிட், குளிர்காலத்தில் இலை உதிர்த்து மண்ணுக்கடியில் ஒளிந்துகொள்ளும். மேலே சருகு போர்த்திவிட்டால் -10 டிகிரி அளவுக் குளிரிலும் பிழைக்கும். பயப்பட வேண்டியது வசந்தத்தில் தாமதமாக வரும் பனிக்குத்தான், அப்போது முளைத்திருக்கும் இளம் குருத்து கருகும். கோடையில் பாதி நிழலும் ஈரமும் வேண்டும், ஏற்கெனவே தண்ணீர் பாய்ச்சும் பாத்தியில் மற்ற செடிகளோடு நட்டுவிட்டால் தனி வேலை எதுவும் இல்லை.

இவ்வளவும் வெளியூர்ச் செடிகள். மத்தியதரைக் கடலோர மண்ணிலேயே பிறந்த ஆர்க்கிட்கள் ஒஃப்ரிஸ், செராபியாஸ், ஆர்க்கிஸ், அனகாம்ப்டிஸ். என் மனசு இவற்றின் பக்கம்தான் சாயும். முதல் இலையுதிர் மழைக்கு இலை விரிக்கும், குளிர்காலம் முழுக்க வளரும், வசந்தத்தில் பூக்கும், வெயில் ஏறும்போது மேலே எல்லாம் காய்ந்து கிழங்கு மட்டும் மண்ணுக்குள் தூங்கும். முதல் கேள்விக்கு இவற்றின் பதில்: யாரும் ஊற்ற வேண்டாம், ஊற்றினால் கிழங்கு அழுகிவிடும். ஒஃப்ரிஸின் பூ பெண் வண்டின், தேனீயின் தோற்றத்தையும் வாசனையையும் காட்டி ஆண் பூச்சியை ஏமாற்றி மகரந்தம் கடத்தும். அதே பேரினத்தின் ஒஃப்ரிஸ் அபிஃபெரா பெரும்பாலும் பூச்சிக்குக் காத்திருக்காமல் தானே கருவுற்றுவிடும்.

அப்படியானால் எல்லோரும் ஏன் இவற்றையே நடுவதில்லை? முதல் காரணம், விதை தூசி மாதிரி, உள்ளே உணவுச் சேமிப்பே கிடையாது, மண்ணில் அதற்குரிய பூஞ்சை துணைக்கு வந்தால்தான் முளைக்கும். உரம் போட்ட மண்ணும் இவற்றுக்கு ஆகாது, புல் மண்டி அமுக்கிவிடும். இரண்டாவது, காட்டிலிருந்து தோண்டி எடுப்பது பல நாடுகளில் குற்றம். சட்டத்தை விடுங்கள், தோண்டிய செடி பெரும்பாலும் பிழைப்பதே இல்லை. சலேப் என்ற பானத்துக்காகக் கிழங்கைத் தோண்டித் தோண்டியே பல இடங்களில் இவை அருகிப்போயிருக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் விதையிலிருந்து வளர்த்த செடியை மட்டும் வாங்குங்கள். தொடங்க ஏற்றது செராபியாஸ் லிங்குவா, கிழங்கு தானே பெருகிக் கூட்டமாகப் பரவும். ஒரே கட்டுப்பாடு, விதை முற்றி உதிரும்வரை அந்த மூலையில் புல் வெட்டும் இயந்திரம் போகக்கூடாது.

உள்ளூர்ச் செடி என்றால் எல்லாம் சுலபம் என்றும் நினைத்துவிட வேண்டாம். கேப் பகுதியின் டேபிள் மலையில் பூக்கும் சிவப்பு டிசா யூனிஃப்ளோரா இதே வானிலையில் பிறந்ததுதான், ஆனால் ஓடைக்கரையிலும் அருவி ஓரத்திலும். வேர் எப்போதும் குளிர்ந்த, உப்பில்லாத தண்ணீரில் நனைந்திருக்க வேண்டும். அழகுக்கு அதுவே ராணி, இந்தப் பட்டியலில் அதுவே கடைசி.

நடும் காலமும் ஆளுக்கு ஆள் மாறும். செராபியாஸ் கிழங்கைக் கோடை முடிவில், மழைக்கு முன்பே வைத்துவிட வேண்டும். ப்ளெட்டில்லா குளிர்காலக் கடைசியில். சிம்பிடியத்தைப் பூ முடிந்த கையோடு தொட்டி மாற்றலாம். எபிடெண்ட்ரம் குட்டியைக் குளிர் போன பிறகு வசந்தத்தில் நட்டு, அந்த முதல் கோடைக்கு மட்டும் மறக்காமல் தண்ணீர் விடுங்கள்.