யாழ்ப்பாணத்தில் தண்ணீர் உறையாமல் பார்க்கக் காசு: மாரிகாலக் குதிரைப் பராமரிப்பு என்று வந்தால் கவனம்

"இந்த மாரிக்கு ஒரு குதிரையைத் தத்தெடுங்கள், டிசம்பர் விடுமுறைக்குப் பிள்ளைகளைக் குதிரையேற்றம் பழக அனுப்புங்கள்" என்ற விளம்பரம் வாட்ஸ்அப் குழுக்களில் மறுபடி சுற்றத் தொடங்கிவிட்டது. போன மாரியில் எங்கள் குடும்பம் இரண்டு வழியாலும் காசு கட்டியது. மகளின் வகுப்புக்கு நான் கட்டினேன். குதிரையின் தீனிக்கும் பராமரிப்புக்கும் கனடாவில் இருக்கும் என் தங்கச்சி மாதாமாதம் அனுப்பினாள். அதில் ஒரு சதமும் திரும்பவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறைப்பாடு இருப்பதால் இடத்தின் பெயரை இங்கே போடவில்லை.

வகுப்புக் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். 25,000 ரூபா. ஏறி ஓட்டப் பழகலாம், குதிரையைத் தேய்த்துக் குளம்பு துப்புரவாக்கப் பழகலாம், நத்தாருக்குக் குதிரை வண்டியில் ஒரு சுற்று, பட்டிப்பொங்கலுக்குக் குதிரைக்கும் மாலை என்றெல்லாம் சொன்னார்கள். மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகளைத் தகரக் கொட்டிலுக்குள் இருத்திக் குதிரைப் படத்துக்கு வர்ணம் தீட்ட வைத்தார்கள். காசைக் கேட்டபோது, "மழை எங்கட கையில இல்லையே அண்ணை" என்றார் நடத்துபவர். யாழ்ப்பாணத்தில் வருடத்து மழையில் பெரும்பங்கு ஒக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்கிறது என்பது பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். கூரை போட்ட ஓட்டுதளம் இல்லாமல் டிசம்பரில் முகாம் வைக்கிறவர் மழையைக் கண்டு ஆச்சரியப்படுகிறார்!

சரி, அது வெறும் காசு. குதிரையின் கதை வேறு.

மாமி காசு கட்டும் குதிரையைப் பார்க்க வேண்டும் என்று மகள் நின்றாள். 'ராஜா' என்று பெயர், தங்கச்சிக்கு ஒரு அட்டையும் படமும் அனுப்பியிருந்தார்கள். மண்ணிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, இடது காதின் நுனியில் சின்ன வெட்டு. முன்பக்கத்தில் அது இல்லை. பின்வளவில், வெள்ளம் வடியாத ஒரு பள்ளத்தில், பனையோடு கட்டி நின்றது. கால் கணுவுக்கு மேல் சேறு. மேலே கூரையென்று ஒன்றுமில்லை. பக்கத்தில் கிடந்த வைக்கலை மகள் கையால் கிளறினாள். உள்ளே சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் பிடித்து, தூசு போலக் கிளம்பியது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. கெட்ட தீனி உள்ளே போனால் வயிற்றுக்குத்து வந்து உயிரையே வாங்கிவிடும். அதைத்தான் அதன் முன்னால் போட்டிருந்தார்கள்.

எனக்குத் தெரிந்த மிருக வைத்தியர் ஒருவரை அடுத்த முறை கூட்டிக்கொண்டு போனேன். அங்கே வேலை செய்யும் தம்பி பாவம், தடுக்கவில்லை, காலைப் பிடித்துத் தூக்கியும் தந்தான். குளம்பின் அடியில் முக்கோணமாக மெத்தென்ற ஒரு பகுதி இருக்கிறது. அதன் இரு பக்கப் பள்ளங்களிலும் வைத்தியர் கொக்கியை விட்டு இழுக்க, கறுத்த களி போல ஒன்று வந்தது. அந்த நாற்றத்தில் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப் போய்விட்டாள். நாட்கணக்காய்ச் சேற்றிலும் மூத்திரத்திலும் நின்றால் வரும் அழுகல் அது. ஒவ்வொரு நாளும் கொக்கியால் துப்புரவாக்கி, உலர்ந்த நிலத்தில் கட்டி, 6 முதல் 8 கிழமைக்கு ஒருமுறை குளம்பைச் சீவிவிட்டால் இந்த அளவுக்குப் போகாது என்றார். பிறகு முதுகைத் தடவினார். மயிர் கொத்துக் கொத்தாய்ப் பொருக்கோடு கையில் வந்தது, அடியில் சிவந்த தோல். தொடர்ந்து நனையும் தோலில் பெருகும் ஒரு கிருமியின் வேலையாம். காய்ச்சல் பார்த்தார், 38 பாகை. குதிரைக்கு அது சரியான அளவுதான். அந்த ஒன்றில்தான் கொஞ்சம் ஆறுதல்.

இதையெல்லாம் நடத்துபவரிடம் சொன்னால் அவர் நெடுந்தீவை இழுத்தார். "நெடுந்தீவுக் குதிரையள் மாரி முழுக்க வெளியிலதானே நிக்குது, ஆர் கூரை போட்டுக் குடுக்கினம்?" கேட்க நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் அங்கே அவை கட்டாக்காலியாய்த் திரிகின்றன. தண்ணீர் தேங்கினால் மேட்டுக்குப் போகும். கல்லு நிலத்தில் நடந்து நடந்து குளம்பு தானாகத் தேயும். அவற்றுக்கு உண்மையான கஷ்டகாலம் புல்லும் தண்ணீரும் வற்றிப்போகும் கோடைதான், செத்துப்போவதும் அப்போதுதான். கழுத்தில் கயிற்றோடு ஒரே பள்ளத்தில் நிற்கும் குதிரைக்கு மேட்டுக்குப் போக வழி எது?

இதற்குப் பிறகுதான் தங்கச்சிக்கு மின்னஞ்சலில் போன பட்டியலை நான் வாங்கிப் பார்த்தேன். தீனிக்கு மாதம் 15,000. அதற்குக் கீழே 'குளிர்காலக் கம்பளிப் போர்வை' 12,000. அதற்கும் கீழே 'குடிநீர் உறையாமல் பேணுதல்'! எங்கள் ஊரில், மார்கழி விடியற்காலையிலும் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அபூர்வமான இடத்தில், தண்ணீர் உறையாமல் பார்க்கக் காசு. தங்கச்சிக்கு அது வித்தியாசமாகப் படவேயில்லை, ஏனென்றால் அவள் இருக்கும் இடத்தில் அது உண்மையான செலவு. ஒன்ராறியோவில் வாளித் தண்ணீர் கட்டியாகிவிடும். தண்ணீர் குடிக்காத குதிரைக்குக் குடல் அடைத்துக்கொள்ளும். அதனால் சூடாக்கும் வாளி வைப்பார்கள், வயது போனதற்கும் மயிர் கத்தரித்ததற்கும் போர்வை போடுவார்கள். அந்த ஊர்ப் பட்டியலை அப்படியே எடுத்து, ரூபாக் கணக்குப் போட்டு, புலம்பெயர்ந்த ஆட்களிடமே விற்றிருக்கிறார்கள். கெட்டித்தனம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தப் போர்வையை வாங்கியிருந்தாலும் கெடுதல்தான். நனைந்த முதுகில் போர்வையைப் போட்டு மூடினால் ஈரம் உள்ளேயே நின்று தோல் நோய் கூடும் என்றார் வைத்தியர்.

அதற்காக இங்கே குளிரே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2022 டிசம்பரில் மண்டூஸ் புயல் வங்கக் கடலில் நின்ற நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் அந்த வாடைக் காற்றில் விறைத்துச் செத்தன. குதிரையின் உலர்ந்த மயிர் தனக்குள் காற்றைப் பிடித்து வைத்துச் சூட்டைக் காக்கும். நனைந்து படிந்துவிட்டால் அந்தக் காப்புப் போய்விடும், அதன்மேல் காற்றும் சேர்ந்தால் விறைக்க 20 பாகையே போதும். இன்னொன்று, குதிரைக்கு அடுப்பு அதன் வயிற்றுக்குள்தான். நார்த்தீனி பின்குடலில் புளித்துச் செரிக்கும்போதுதான் உடம்பு சூடாகிறது. 250 கிலோ நிறையுள்ள குதிரை நாளுக்கு நாலைந்து கிலோ நல்ல உலர்தீனி தின்ன வேண்டும். ஆக, எங்கள் மாரிக்கு வேண்டியது ஒழுகாத கூரை, வாடைப் பக்கம் ஒரு மறைப்பு, மேடாக்கிய தரை, பூஞ்சணம் பிடிக்காத தீனி. இவற்றில் ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை.

அப்புறம் வந்ததுதான் பெரிய வெடி. இந்தக் கதையை ஒரு கலியாண வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்தவர் தன் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். லண்டனில் இருக்கும் அவரின் மகன் தத்தெடுத்த குதிரையாம், பெயர் 'மின்னல்'. அதே வெள்ளைச் சுட்டி, அதே காது வெட்டு. படத்தில் பின்னால் தெரியும் பனைகூட அதே பனை.

கேட்டபோது "பெடியன் படத்தை மாத்தி அனுப்பிப்போட்டான் அண்ணை" என்றார்கள். பிறகு போன் எடுப்பதில்லை.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் இப்படியொன்றுக்குக் காசு அனுப்பக் கேட்டால், முதலில் ஊரில் ஒருவரை நல்ல மழை நாளில், சொல்லாமல் கொள்ளாமல் போகச் சொல்லுங்கள். வெயில் நாளில் எல்லா வளவும் அழகுதான். முன்பக்கத்தை விட்டுப் பின்வளவைப் பார்க்க வேண்டும். குதிரை நிற்கும் இடத்தில் செருப்புப் புதைகிறதா, வைக்கலை மணந்தால் புளிச்ச மணம் வருகிறதா, ஒரு காலைத் தூக்கிக் காட்டச் சொன்னால் காட்டுகிறார்களா? ஏற்புவலித் தடுப்பூசியும் பூச்சி மருந்தும் எப்போது கொடுத்தார்கள் என்று எழுதிய பதிவைக் கேளுங்கள், குதிரைக்கு ஏற்புவலி லேசில் பிடிக்கும். எங்கள் இடத்தில் பதிவு என்று ஒரு கொப்பிகூட இருக்கவில்லை.

குதிரையின் நிலை பற்றிப் பொலிசிலும் சொன்னோம். மிருக வதைக்கு எதிரான சட்டம் 1907இல் எழுதியது, அதில் போட்டிருக்கும் தண்டம் 100 ரூபா. போர்வைக்கு 12,000 வாங்கியவருக்கு அது எந்த மூலைக்கு? ஆனாலும் வைத்தியர் போய் வந்த பிறகு ஒரு தகரக் கூரை போட்டிருக்கிறார்கள் என்று அந்தத் தம்பி சொன்னான். சேறு அப்படியே கிடக்கிறதாம்.

காசு தொடர்பாக முறைப்பாடு செய்ய நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். தங்கச்சியின் வங்கிச் சீட்டுகள், பட்டியல், அட்டை எல்லாம் என்னிடம் இருக்கின்றன. மண்ணிறம், வெள்ளைச் சுட்டி, இடது காதில் வெட்டு உள்ள குதிரைக்கு வேறு யாராவது காசு கட்டியிருந்தால், உங்கள் அட்டையில் அதற்கு என்ன பெயர் போட்டிருக்கிறது என்று தனிச் செய்தியில் சொல்லுங்கள். முறைப்பாட்டோடு சேர்க்க வேண்டும்.